பாட்டு மட்டும்தான் ஓடுகிறது, பேட்டரி ஏன் கரைகிறது? ஆடியோ ஆஃப்லோட் வேலை செய்கிறதா என்று கண்டறியும் வழி

மடிக்கணினியில் பாட்டைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. டாஸ்க் மேனேஜரில் சிபியு பயன்பாடு இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் சும்மா கிடக்கும்போது இறங்குவதைவிடப் பேட்டரி வேகமாக இறங்குகிறது. இதற்குத் தீர்வாக, ஒலி வேலையைச் சிபியுவிடமிருந்து ஒலி சிப்புக்குக் கைமாற்றும் 'ஹார்ட்வேர் ஆடியோ ஆஃப்லோட்' என்ற வசதி பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. விண்டோஸில் அதற்கென ஒரு டிக் பெட்டிகூட உண்டு. அதைப் போட்டுவிட்டால் போதும் என்கிறார்கள் சிலர். அதை எடுத்துவிட்டால்தான் ஒலி விக்காமல் வருகிறது என்கிறார்கள் வேறு சிலர்.

இந்தக் கணினியில், இந்தச் செயலியில், இப்போது ஓடும் ஒலி உண்மையிலேயே ஆஃப்லோட் ஆகிறதா என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்க நினைப்பவர்களும் சிபியு சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். அது இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது. ஏன் என்பதிலிருந்தே தொடங்குவோம்.

ஒலி ஓடும்போது உள்ளே நடப்பது

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. விநாடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சேனல் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 1,92,000 பைட். இன்றைய சிபியுவுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. எம்பி3, ஏஏசி கோப்புகளை டிகோட் செய்து இந்த எண்களாக விரிப்பதும் பெரிய வேலை இல்லை.

தொல்லை தருவது வேலையின் அளவல்ல, அது வரும் தவணை. சிபியு எல்லா எண்களையும் ஒரே மூச்சில் ஒலி சிப்பிடம் கொடுத்துவிடுவதில்லை. நினைவகத்தில் 'பஃபர்' எனப்படும் ஒரு சிறு இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். சிப் அதை வாசித்து முடிக்கும் தறுவாயில் மீண்டும் நிரப்பும். விண்டோஸின் ஆடியோ எஞ்சின் இயல்பாக 10 மில்லிவிநாடித் தவணையில் ஓடுகிறது. அதாவது 480 சாம்பிளுக்கு ஒருமுறை, விநாடிக்கு 100 முறை, சிபியு எழுந்து பல செயலிகளின் ஒலியைக் கலந்து, வால்யூம் கணக்குப் போட்டு, ஈக்வலைசர் போன்ற விளைவுகளைச் சேர்த்து, பஃபரில் எழுதிவிட்டுப் படுக்கிறது. லினக்ஸில் ஒலியைக் கையாளும் சேவையான பைப்வயரின் இயல்பான தவணை 1,024 சாம்பிள். 48,000 வேகத்தில் அது சுமார் 21 மில்லிவிநாடி, விநாடிக்கு ஏறக்குறைய 47 விழிப்பு.

தூக்கத்துக்கும் ஆழம் உண்டு

வேலை இல்லாத நேரத்தில் சிபியு 'சி-நிலை' எனப்படும் தூக்க நிலைகளுக்குப் போகிறது. சி0 என்பது வேலை செய்யும் நிலை. சி1 லேசான கண்ணயர்வு. சி6, சி8, சி10 என்று எண் ஏற ஏற கடிகாரம் நிற்கும், கேஷ் காலியாகும், மின்னழுத்தம் துண்டிக்கப்படும். எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் ஆழமாகத் தூங்கினால்தான் சிப் முழுவதும், அதாவது 'பேக்கேஜ்' அளவில், ஆழ்ந்த நிலைக்குப் போக முடியும். பெரிய சேமிப்பு கிடைப்பது அங்கேதான்.

ஆனால் ஆழ்ந்த நிலைக்குள் போய்வரவே மின்சாரமும் நேரமும் செலவாகும். இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறைக்காக லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் எழுதப்பட்டுள்ள அட்டவணையின்படி, சி10-இலிருந்து எழ 890 மைக்ரோவிநாடி ஆகும். குறைந்தது 5,000 மைக்ரோவிநாடி, அதாவது 5 மில்லிவிநாடி, தூங்கக் கிடைத்தால்தான் அந்த நிலைக்குப் போவது லாபம். சி8-க்கு இதே எண்கள் 200, 800.

இதை 10 மில்லிவிநாடித் தவணையோடு பொருத்திப் பாருங்கள். ஒலி மட்டும்தான் எழுப்புகிறது என்றால் இடைவெளி 5 மில்லிவிநாடியைவிட அதிகம். சி10 எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியின் நடுவே ஒரு வைஃபை பாக்கெட்டோ வேறொரு செயலியின் டைமரோ புகுந்தால் அது இரண்டாக உடைகிறது. இரு பாதியும் 5-க்குக் கீழே போய்விடும். மணிக்கு ஆறு முறை தட்டி எழுப்பப்படுபவர் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் தூங்கியதாகக் கணக்கில்லை.

சிபியு சதவீதம் ஏமாற்றுவதும் இங்கேதான். ஒவ்வொரு விழிப்பும் 0.2 மில்லிவிநாடி நீடித்தால், 100 விழிப்புக்கு விநாடியில் 20 மில்லிவிநாடி. அது ஒரு கோரின் 2 சதவீதம் மட்டுமே. மீதி 98 சதவீதத்தில் சிபியு எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

ஆஃப்லோட்: எதை, எவ்வளவு தூரம்?

ஆஃப்லோட் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் புழங்குகின்றன. பாதிக் குழப்பம் இதனால்தான்.

1. பெரிய பஃபர் மட்டும். கலப்பதும் டிகோட் செய்வதும் சிபியுவிடமே இருக்கும். ஆனால் ஒரே விழிப்பில் நிறைய நிரப்பிவிட்டு நீண்ட நேரம் தூங்கும். கறாராகச் சொன்னால் இது ஆஃப்லோட் அல்ல, ஆனால் பலனில் பெரும் பகுதி இதிலேயே வந்துவிடும். லினக்ஸின் பழைய ஒலிச் சேவையான பல்ஸ்ஆடியோ 2008-லேயே இந்த வழிக்கு மாறியது: ஒலி சிப் எழுப்பும் சமிக்ஞைக்கு, அதாவது இன்டரப்டுக்கு, காத்திருக்காமல் டைமரை நம்பி, பெரிய பஃபரை அரிதாக நிரப்பும் முறை.

2. பிசிஎம் ஆஃப்லோட். டிகோட் ஆகி முடிந்த எண்களை, அதாவது பிசிஎம் தரவை, சிபியு பெரிய துண்டுகளாக டிஎஸ்பியிடம், அதாவது ஒலிக் கணக்குக்கென்றே உள்ள தனிச் சிப்பிடம், ஒப்படைக்கும். கலப்பது, வால்யூம், விளைவுகள் எல்லாம் டிஎஸ்பியின் வேலை. 2012-இல் விண்டோஸ் 8 அறிமுகப்படுத்தியது இதைத்தான். இதை ஆதரிக்கும் டிரைவர் மூன்று வகை வாசல்களைத் திறந்து வைக்க வேண்டும்: சிபியு கலந்து அனுப்பும் வழக்கமான ஒலிக்கு ஒன்று, ஆஃப்லோட் ஒலிக்கு ஒன்று, கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும் கலவையைத் திரும்பப் படிக்க ஒன்று. மூன்றாவது இல்லாவிட்டால் எதிரொலி நீக்கும் மென்பொருள்களுக்கு ஸ்பீக்கரில் என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் போகும்.

3. சுருக்கப்பட்ட தரவின் ஆஃப்லோட். எம்பி3, ஏஏசி கோப்பின் பைட்டுகளே நேராக டிஎஸ்பிக்குப் போகும்; டிகோட் செய்வதும் அங்கேதான். லினக்ஸ் கர்னலில் இதற்கான இடைமுகம் 2012-இல் 3.3 பதிப்போடு வந்தது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4 இதைக் கைபேசிகளில் பரவலாக்கியது. கணினிகளில் இது இன்னும் அரிது.

மூன்றாவது வகையின் கவர்ச்சியை எண்ணில் பார்க்கலாம். 1,92,000 பைட் கொள்ளும் பஃபரில் பிசிஎம் நிரப்பினால் ஒரு விநாடிக்கு வரும். அதே இடத்தில் 128 கிலோபிட் எம்பி3 நிரப்பினால் 12 விநாடிக்கு வரும். பத்து விநாடிக்கு மேல் சிபியுவுக்கு ஒலியால் ஒரு தொல்லையும் இல்லை.

பழைய ஆட்கள் வேறொன்றோடு இதைக் குழப்பிக்கொள்வது உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் டைரக்ட்சவுண்ட் வழியாக ஒலி கார்டே பல ஒலிகளைக் கலக்கும் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' இருந்தது. விஸ்டாவில் அது நீக்கப்பட்டது. அது விளையாட்டுகளின் வேகத்துக்கும் முப்பரிமாண ஒலிக்குமாக வந்தது. இன்றைய ஆஃப்லோட் மின்சாரத்துக்காக வந்தது. அந்தக் காலத்து அறிவுரைகளை இதற்குப் பொருத்திப் பயனில்லை.

எங்கே அறுந்துபோகிறது

ஆஃப்லோட் நடக்க ஹார்ட்வேர், டிரைவர், இயங்குதளம், செயலி ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். செயலி கேட்காவிட்டால் டிஎஸ்பி தானாக முன்வராது. விண்டோஸில் செயலி முதலில் 'இந்தச் சாதனத்தில் இந்த வகை ஒலிக்கு ஆஃப்லோட் உண்டா' என்று விசாரித்து, உண்டு என்றால் ஸ்ட்ரீமை, அதாவது ஒலி ஓட்டத்தை, திறக்கும்போதே அதைக் கோர வேண்டும். கோரினாலும், டிஎஸ்பியில் இடம் தீர்ந்திருந்தால் ஒலி வழக்கமான பாதையில்தான் போகும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

நடைமுறையில் அறுபடும் இடங்கள்:

1. மென்பொருள் விளைவுகள். கணினியோடு வரும் 'பேஸ் பூஸ்ட்', 'சரவுண்ட்' போன்றவை சிபியுவில் ஓடுபவையாக இருந்தால், ஒவ்வொரு சாம்பிளும் சிபியு வழியாகத்தான் போக வேண்டும்.

2. யுஎஸ்பி ஹெட்செட். அதற்கு ஒலி போவது மதர்போர்டு டிஎஸ்பி வழியாக அல்ல, யுஎஸ்பி கன்ட்ரோலர் வழியாக. ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பியில் ஒவ்வொரு மில்லிவிநாடியும் ஒரு ஃப்ரேம் ஓடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலர் தூங்காவிட்டால் பேக்கேஜும் ஆழமாகத் தூங்க முடியாது. அனலாக் ஜாக்கில் சேமிப்பு தெரிந்து யுஎஸ்பியில் தெரியாமல் போனால் அது இயல்பே.

3. புளூடூத். ஒலியை மீண்டும் சுருக்கி அனுப்ப வேண்டியிருப்பதால் அந்த எண்கணக்கு சிபியுவில் நடக்கிறதா டிஎஸ்பியில் நடக்கிறதா என்பது சிப்பையும் டிரைவரையும் பொறுத்தது.

4. திறந்திருக்கும் மைக். இதைப் பலரும் கவனிப்பதில்லை. இன்டெல் தளங்களில் மைக் பதிவு ஓடும்போது, ஒலி உடைபடாமல் இருக்க, லினக்ஸின் எஸ்ஓஎஃப் (சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்) டிரைவர் சிப்களுக்கு இடையிலான இணைப்பின் ஆழ்ந்த தூக்க நிலையை இயல்பாகவே தடுத்து வைக்கிறது. சந்திப்பு முடிந்த பிறகும் அந்தச் செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால், இசைப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் பேக்கேஜ் ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே நிற்கும்.

5. ஓசையில்லாத ஸ்ட்ரீம். பிரவுசரின் ஏதோ ஒரு டேப் ஒலிச் சாதனத்தைத் திறந்து பூஜ்ஜியங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். வால்யூமைக் குறைத்தாலும் மியூட் செய்தாலும் ஸ்ட்ரீம் நிற்காது. பூஜ்ஜியத்தைக் கலக்கவும் சிபியு எழத்தான் வேண்டும். 'ஆஃப்லோட் வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சோதனை: விண்டோஸில்

முதலில் ஒப்பிட ஓர் அடிக்கோடு வேண்டும். சார்ஜரைக் கழற்றி, திரை வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்து, எதுவும் ஓடாதபோது ஓர் அளவீடும், பாட்டு ஓடும்போது இன்னொன்றும் எடுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் ஒலியின் விலை. அடிக்கோடு இல்லாமல் எடுத்த எந்த எண்ணும் வீண்.

1. கன்ட்ரோல் பேனலின் பழைய 'சவுண்ட்' சாளரத்தில் ஸ்பீக்கரின் பண்புகளைத் திறந்து 'அட்வான்ஸ்டு' டேபுக்குப் போங்கள். 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' என்ற பகுதி இருந்தால் டிரைவர் ஆஃப்லோடை ஆதரிக்கிறது. பகுதியே இல்லாவிட்டால் ஆதரவும் இல்லை. மேலே தேடிப் பயனில்லை. டிக் இருக்கிறது என்பதற்கு அனுமதி உண்டு என்று மட்டுமே பொருள். நடக்கிறது என்று பொருளில்லை.

2. அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கருவியை 'ரெக்வெஸ்ட்ஸ்' தெரிவோடு ஓட்டுங்கள். பாட்டை நிறுத்திய பிறகும் ஒலி டிரைவரின் பெயருக்குக் கீழே ஓர் ஆடியோ ஸ்ட்ரீம் பயன்பாட்டில் இருப்பதாக வந்தால், மேலே சொன்ன ஓசையில்லாத ஸ்ட்ரீம் சிக்கிவிட்டது. டேப்களை ஒவ்வொன்றாக மூடி, எதை மூடியதும் அந்த வரி மறைகிறது என்று பாருங்கள்.

3. அதே கருவியின் 'எனர்ஜி' தெரிவு 60 விநாடி கவனித்து ஓர் அறிக்கை தரும். அதில் டைமர் கோரிக்கைகள் பகுதி முக்கியம். அளவு 100 நானோவிநாடிகளில் இருக்கும்: 1,00,000 என்றால் 10 மில்லிவிநாடி, 10,000 என்றால் 1 மில்லிவிநாடி. விண்டோஸின் இயல்பான டைமர் 15.6 மில்லிவிநாடி. ஏதோ ஒரு நிரல் 10,000 கேட்டிருந்தால் ஒலியை எங்கே இறக்கினாலும் அது தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். நிரலின் பாதை அறிக்கையிலேயே இருக்கும்.

4. கடைசியாக விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டரில் மின்சாரப் பதிவு எடுத்து அனலைசரில் திறந்தால், சிபியு எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியும். ஆடியோ எஞ்சின் செயல்முறை 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சீப்புப் பல்போலத் தலைகாட்டினால் ஒலி வழக்கமான பாதையில் போகிறது. அந்தப் பற்கள் மறைந்திருந்தால் ஆஃப்லோட் நடக்கிறது.

மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள கணினியில் திரை அணைந்த பிறகும் பாட்டு ஓட அனுமதி உண்டு. அதில் பவர்சிஎஃப்ஜியின் 'ஸ்லீப்ஸ்டடி' அறிக்கை, தூக்கத்தைக் கெடுத்தவை எவை என்று பட்டியலிடும். ஒலிச் சாதனம் அங்கே முன்வரிசையில் வந்தால் விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம்.

சோதனை: லினக்ஸில்

இங்கே கருவிகள் வெளிப்படையானவை. பாட்டு ஓடும்போது ப்ராக் கோப்பகத்தின் அசவுண்ட் பிரிவில், அந்தந்த கார்டுக்கும் பிசிஎம்முக்கும் உரிய கோப்புகளைப் படித்தால் பஃபர் அளவும் தவணை அளவும் நேராகத் தெரியும். பைப்வயர் பயன்படுத்துபவர்கள் அதன் டாப் கருவியில் குவான்டம் (தவணை அளவு) என்ற நெடுவரிசையைப் பாருங்கள்: 1,024 என்றால் விநாடிக்கு 47 விழிப்பு, 256 என்றால் 187. ஏதோ ஒரு செயலி 256 கேட்டால், அதே சாதனத்தில் ஓடும் மற்ற எல்லாமே அந்த வேகத்துக்கு இழுக்கப்படும். சோதனைக்காக 8,192 என்று கட்டாயப்படுத்தினால் விநாடிக்கு ஆறுக்கும் குறைவு. அப்படி மாற்றியதும் மின் நுகர்வு இறங்கினால், வில்லன் தவணைதான் என்று உறுதி.

விளைவை அளக்க டர்போஸ்டாட். பேக்கேஜ் வாட்டும், ஒவ்வொரு பேக்கேஜ் நிலையிலும் கழிந்த நேரத்தின் சதவீதமும் இயல்பாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை வரும். பவர்டாப்பில் எது எத்தனை முறை எழுப்பியது என்ற பட்டியல் கிடைக்கும்.

இன்டெல் கணினிகளில் எந்த டிரைவர் ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2018-இல் அறிவிக்கப்பட்ட சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், அதாவது எஸ்ஓஎஃப், வழியாக ஓடும் கணினிகள் சிலவற்றில் சாதனப் பட்டியலில் 'டீப்பஃபர்' என்று தனியாக ஒரு பிசிஎம் இருக்கும். டிஎஸ்பி தன் சொந்த நினைவகத்தில் கூடுதல் தரவை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும் வாசல் அது. பட்டியலில் அது இருந்தும் பாட்டு வழக்கமான பிசிஎம்மில் ஓடுவதுண்டு. எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை அசவுண்ட் கோப்புகளே காட்டும்.

எண்களைப் படிப்பது

விழிப்புகளின் எண்ணிக்கை, ஆழ்ந்த பேக்கேஜ் நிலையில் கழிந்த நேரம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. விழிப்பு அதிகம், ஆழம் குறைவு: ஆஃப்லோட் நடக்கவில்லை, அல்லது தவணை சிறியது. செயலியையும் விளைவுகளையும் பாருங்கள்.

2. விழிப்பு குறைவு, ஆழமும் குறைவு: ஒலியைச் சந்தேகிப்பதை நிறுத்துங்கள். சிபியு தூங்கத் தயார், வேறேதோ சாதனம் விடவில்லை. யுஎஸ்பி, எஸ்எஸ்டி, வைஃபை, திறந்த மைக் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. இந்த நிலையில் ஒலி டிரைவரை மாற்றி மாற்றி நிறுவுவது வெட்டி வேலை.

3. விழிப்பு குறைவு, ஆழம் அதிகம், ஆனாலும் பேட்டரி இறங்குகிறது: செலவு சிபியுவுக்கு வெளியே. பெரும்பாலும் திரை, சில சமயம் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர்.

திரை எரிந்துகொண்டிருக்கும் வரை அதன் செலவுக்கு முன்னால் ஆஃப்லோடின் சேமிப்பு சிறிதாகவே தெரியும். வீடியோ பார்க்கும்போது நிலைமை கொஞ்சம் வேறு. 24 ஃப்ரேம் படத்துக்கு விநாடிக்கு 24 விழிப்பு எப்படியும் உண்டு. அதோடு ஒலியின் 100 சேரும்போது ஒலிதான் பெரிய பங்காளி. அதைக் கழித்தால் சிபியுவுக்கு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சுமார் 42 மில்லிவிநாடி இடைவெளி கிடைக்கும், 5 மில்லிவிநாடி வரம்பைத் தாராளமாகத் தாண்டும் இடைவெளி. முழுப் பலன் தெரிவது திரை அணைந்து பாட்டு மட்டும் ஓடும்போதுதான்.

கொடுக்கும் விலை

பஃபர் பெரிதானால் தாமதமும் பெரிதாகும். ஒரு விநாடி ஒலி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கும்போது ஈக்வலைசரை மாற்றினால், எழுதியதை அழித்துத் திரும்ப எழுதினாலொழிய மாற்றம் ஒரு விநாடி கழித்தே கேட்கும். விளையாட்டுக்கும் காணொளி அழைப்புக்கும் இது ஆகாது; அவற்றுக்குச் சிறு பஃபர் பாதைதான் சரி. அங்கே ஆஃப்லோட் நடக்கவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை.

ஒலி விக்கினால் டிக்கை எடுத்துவிடச் சொல்லும் அறிவுரையிலும் நியாயம் உண்டு. டிஎஸ்பி ஃபர்ம்வேரில் பிழை இருந்தால் அதைத் தவிர்க்க இருக்கும் எளிய வழி அது. ஆனால் எடுத்த பிறகும் விக்கல் தொடர்ந்தால் காரணம் வேறு. அப்போது டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

லினக்ஸில் இன்னொரு சங்கடம், ஒலி நின்ற சில விநாடிகளில், எண்களை ஸ்பீக்கருக்கான ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கோடெக் சிப்பை அணைக்கும் பவர்சேவ் அமைப்பு. இது ஆஃப்லோட் அல்ல, ஆனால் அதே விசாரணையில் தலைகாட்டும். சில கணினிகளில் கோடெக் அணைந்து எழும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அப்படிப்பட்ட மாடல்கள் பலவற்றைக் கர்னலே பட்டியலிட்டு இந்தச் சேமிப்பை நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் கணினி அந்தப் பட்டியலில் இருந்தால், பாட்டு ஓடாதபோதும் கோடெக் விழித்தே இருக்கும். பவர்சேவ் அளவுருவில் விநாடிகளைக் கையால் எழுதி அதை மாற்றலாம்; பூஜ்ஜியம் என்றால் அணைக்காதே என்று பொருள், பத்து என்றால் ஒலி நின்ற பத்தாவது விநாடியில் கோடெக் அணையும்.